கோடையின் நீர்க்கனி

நுழையும்முன்

மாம்பழத்தை முகர்ந்து அறியலாம். வாழைப்பழத்தை நிறம்கண்டு அறியலாம். தடித்த தோலுக்குள் தன்னை முழுதும் மறைத்துக்கொண்ட தர்ப்பூசணியை எவ்வாறு அறிவது? வெட்டிப் பாராமலே அதன் உள்ளத்தை உணரும் அறிவு உழவரிடமும் வணிகரிடமும் வழிவழியாக இருந்து வருகிறது. அவ்வறிவின் பின்னுள்ள அறிவியலை விளக்குகிறது இப்பாடம்.

வடசென்னையின் கோடை

சென்னை மாநகரின் வடபகுதியில், பெரம்பூருக்கும் பேசின் பாலத்திற்கும் அருகே அமைந்துள்ளது வியாசர்பாடி. கேப்டன் காட்டன் கால்வாய் ஓடும் இப்பகுதி உழைப்பாளர் செறிந்து வாழும் இடமாகும். துறைமுகத்திலும் தொடர்வண்டிப் பணிமனைகளிலும் எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளிலும் உழைத்த தலைமுறைகள் இங்கு வாழ்ந்துள்ளன. கால்பந்து ஆட்டத்தில் சிறந்த இளைஞர்களை உருவாக்கியதால் ‘குட்டி பிரேசில்’ என்னும் செல்லப்பெயரும் இதற்கு உண்டு. மூட்டை தூக்குவோர், வண்டி ஓட்டுவோர், கட்டடம் கட்டுவோர், திறந்தவெளியில் பந்தாடும் சிறார் என இங்குள்ளோர் பலரும் வெயிலில் உழல்வோரே.

மாசித் திங்கள் முடியும் முன்னரே இங்குள்ள சாலையோரங்களின் தோற்றம் மாறத் தொடங்கும். சரக்குந்துகளிலிருந்து இறக்கப்பட்ட தர்ப்பூசணிகள் ஓலைப் பந்தலின் நிழலில் வைக்கோல்மீது குவிக்கப்படும். திண்டிவனம், மரக்காணம், மதுராந்தகம், செய்யூர் முதலிய பகுதிகளின் மணற்பாங்கான நிலங்களில் விளைந்தவை இவற்றுள் மிகுதி. கோயம்பேடு பழச்சந்தை வழியாகவும், தோட்டங்களிலிருந்து நேரடியாகவும் இவை நகரின் தெருக்களை அடைகின்றன. கத்திரி வெயில் காயும் நண்பகலில், சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு துண்டுப் பழம் உழைப்பவரின் நாவறட்சியைத் தீர்க்கிறது.

முழுப் பழத்தை வீட்டுக்கு வாங்கிச் செல்வோர்க்கோ ஐயம் எழுகிறது. ஐந்து கிலோ எடையுள்ள பழம் சுவையற்றதாக அமைந்துவிட்டால், அன்றாடக் கூலியின் ஒரு பகுதி வீணாகும். எனவே, பழத்தைத் தேர்ந்தெடுத்தல் என்பது இங்கு நாவின் சுவையை மட்டும் பொறுத்ததன்று. வாழ்வின் சிக்கனத்தையும் சார்ந்ததாகும்.

பெயரும் பயணமும்

தர்ப்பூசணி, வெள்ளரி, பூசணி, சுரை, பாகல் ஆகியவற்றை உள்ளடக்கிய வெள்ளரிக் குடும்பத்தைச் சேர்ந்த கொடியாகும். இதன் தாவரவியல் பெயர் சிட்ருலஸ் லனேட்டஸ். தமிழகத்தின் வறண்ட மணல்வெளிகளில் தானே படரும் பேய்க்குமட்டி இதன் நெருங்கிய உறவு. உருவில் சிறியதாய், கடுங்கசப்பாய் இருக்கும் அக்காயைக் காண்போர், இனிய தர்ப்பூசணிக்கு அஃது உறவென நம்பத் தயங்குவர்.

இக்கனியின் தாயகம் ஆப்பிரிக்கா. சூடான் நாட்டின் கோர்டோபான் பகுதியில் விளையும் வெண்ணிறச் சதைகொண்ட பழவகையே இன்றைய தர்ப்பூசணிக்கு மிக நெருங்கிய மூதாதை மரபு என்பதை 2021ஆம் ஆண்டு வெளியான மரபணு ஆய்வு எடுத்துரைத்தது. பண்டைய எகிப்தியர் இப்பழத்தை அறிந்திருந்தனர். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட துட்டங்காமுன் மன்னரின் கல்லறையில் தர்ப்பூசணி விதைகள் கிடைத்துள்ளன. நீர் அரிதான பாலைநிலத்தில், நெடுநாள் கெடாமல் நீரைத் தன்னுள் தாங்கிநிற்கும் கனி பெருமதிப்புப் பெற்றதில் வியப்பில்லை. பின்னர், வணிகர் வழியாக அது மேற்காசியாவையும் இந்தியாவையும் சீனத்தையும் சென்றடைந்தது.

‘தர்பூஸ்’ என்னும் பாரசீகச் சொல் இந்திய மொழிகள் பலவற்றிலும் வழங்குகிறது. தமிழில் அச்சொல் ‘பூசணி’ என்னும் பழகிய சொல்லின் சாயலைப் பெற்றுத் ‘தர்ப்பூசணி’ ஆயிற்று. அயலிலிருந்து வந்த கனியைத் தமிழர் தம் கொல்லையில் படர்ந்த காயின் பெயரோடு இணைத்துக்கொண்டனர்.

தெரியுமா?
ஒரே பழம் தமிழர் வாழும் இடத்திற்கேற்ப வெவ்வேறு பெயர் பெறுகிறது. யாழ்ப்பாணத்தில் இது ‘வத்தகப் பழம்’. மலேசியத் தமிழரிடையே, ‘தெம்பிக்காய்’ என்னும் மலாய்ச் சொல் தமிழாகவே வழங்குகிறது. சென்னைப் பேச்சு வழக்கில் ‘தர்பூஸ்’ என்பாரும் உளர்.

கொடியில் முடியும் சுவை

தர்ப்பூசணியைத் தேர்ந்தெடுக்க விரும்புவோர் முதலில் அறியவேண்டிய உண்மை ஒன்றுண்டு. கொடியிலிருந்து பறித்த பின்னர் இப்பழம் மேலும் இனிப்பதில்லை.

வாழைக்காய் தன் சதையில் மாவுப்பொருளைச் சேர்த்து வைக்கிறது. தாரை வெட்டிய பிறகும் அம்மாவுப்பொருள் சர்க்கரையாக மாறுவதால், காய் பழமாகி இனிக்கிறது. மாங்காயைப் பறித்து வைக்கோலில் இட்டுப் பழுக்க வைப்பதும் இத்தகைய மாற்றத்தை நம்பியே ஆகும். தர்ப்பூசணியோ மாவுப்பொருளைச் சேமிப்பதில்லை. இலைகள் ஆக்கும் சர்க்கரை, கொடியின் வழியே நாள்தோறும் நேராகக் கனியை அடைகிறது. காம்பு அறுபட்ட கணத்தில் அந்த வரவு நின்றுவிடுகிறது. அந்நாளில் எவ்வளவு இனிப்பு இருந்ததோ, அதற்குமேல் கூடுவதில்லை. ஆதலால், முதிராமல் பறித்த பழத்தை எத்தனை நாள் வைத்திருப்பினும் பயனில்லை.

இவ்வினிப்பு உருவாகும் கதை பூவில் தொடங்குகிறது. ஒரே கொடியில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே பூக்கும். பெண்பூவின் அடியில் சின்னஞ்சிறு பிஞ்சு போன்ற சூலகம் காணப்படும். காலையில் மலரும் பூ, அன்றே வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்திற்குள் தேனீக்கள் ஆண்பூவின் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்கவேண்டும். பெண்பூவின் சூல்முடி மூன்று மடல்களாக அமைந்தது. மூன்றிலும் மகரந்தம் போதிய அளவில் பரவலாகப் படிந்தால்தான் கனி எல்லாப் பக்கமும் சீராகப் பருக்கும். ஒரு பக்கம் குறைந்தால் அப்பக்கம் ஒடுங்கிக் கனி கோணலாகும்.

சுகர் பேபி, அர்க்கா மாணிக், அர்க்கா ஜோதி, பி.கே.எம்.1 முதலியன தமிழகத்தில் அறியப்பட்ட வகைகளாகும். அர்க்கா வகைகள் பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்திலும், பி.கே.எம்.1 பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலும் உருவானவை. சுகர் பேபி போன்ற குறுகியகால வகைகள் விதைத்த 75 முதல் 85 நாள்களில் அறுவடைக்கு வருகின்றன. பூ மலர்ந்து காய் பிடித்த பின்னர், முதிர்வதற்கு ஏறத்தாழ 30 முதல் 40 நாள்கள் தேவை. சர்க்கரையின் பெரும்பகுதி இறுதி நாள்களிலேயே கனியில் சேர்கிறது. அறுவடை நெருங்கும்போது உழவர் பாசனத்தைக் குறைப்பதும் இதனால்தான். அவ்வேளையில் நீர் மிகுந்தால் கனி வெடிக்கும், இனிப்பும் குறையும்.

எனவே, ஒரு வாரம் முந்திப் பறித்த பழத்தின் குறையைச் சந்தையில் எவராலும் சரிசெய்ய இயலாது. நல்ல விலை கிடைக்கும் நாளுக்காக முந்திப் பறிக்கத் தூண்டும் ஆசைக்கும், முதிரும்வரை காத்திருக்கும் பொறுமைக்கும் இடையே உழவர் எடுக்கும் முடிவே பழத்தின் சுவையைத் தீர்மானிக்கிறது. வாங்குவோர் செய்யக்கூடியது, அம்முடிவு சரியானதா என்பதைப் பழத்தின் புறத்தோற்றத்திலிருந்து அறிவதே ஆகும்.

புறத்தில் தெரியும் அகம்

பழத்தின் அடிப்பகுதியில் தோன்றும் தரைத்தடம் முதன்மையான அடையாளம் ஆகும். கனி மண்ணில் கிடந்த பக்கத்தில் வெயில் படுவதில்லை. ஆகவே, அங்குப் பச்சையம் உருவாவதில்லை. இளங்காயில் அவ்விடம் வெண்மையாகவோ வெளிர்பச்சையாகவோ இருக்கும். கனி முதிர முதிர அது வெண்ணெய் நிறமாகிப் பின்னர் மஞ்சளாகும். மஞ்சள் தடம் கொண்ட பழத்தை ‘அழகில்லை’ என ஒதுக்குவோர் பலர். உண்மையில் அத்தடமே அப்பழம் போதிய நாள் கொடியில் இருந்ததற்கான சான்று.

அடுத்தது பற்றுக்கம்பி. கனியின் காம்பு கொடியோடு சேரும் கணுவில் சுருண்ட கம்பி ஒன்று காணப்படும். கனி முதிர்ந்ததும் அக்கம்பி காய்ந்து பழுப்பாகும். வயலில் உழவர் முதலில் நோக்குவது இதனையே. சந்தைக்கு வரும் பழத்தில் பெரும்பாலும் கம்பி இராது. காம்பின் துண்டு மட்டுமே எஞ்சியிருக்கும். அது முற்றிலும் வற்றிச் சுருங்கியிருப்பின், பறித்துப் பல நாள் ஆயிற்று என உணரலாம்.

மூன்றாவது, தோலின் தன்மை. முதிராக் காயின் தோல் எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். முதிர்ந்த கனியின் மேல் மெழுகுப்படலம் படர்வதால் பளபளப்பு மங்கும், தோல் கடினமாகும். பளபளப்பே சிறப்பு எனக் கருதி வாங்குவோர் பெரும்பாலும் இளங்காயைத் தேர்ந்தெடுத்துவிடுகின்றனர்.

நான்காவது, எடை. ஒரே அளவுள்ள இரு பழங்களை இரு கைகளில் ஏந்தினால், கனமானதைக் கொள்வது நலம். பழத்தில் ஏறத்தாழ 92 விழுக்காடு நீரே. நீரும் சதையும் நிறைந்த பழம் கனக்கும். உள்ளே வெடிப்பு விழுந்த பழமும் நீர் வற்றிய பழமும் இலேசாகும்.

ஐந்தாவது, ஒலி. வணிகர் பழத்தைத் தட்டிப் பார்ப்பதை வெறும் சடங்கு எனச் சிலர் நினைப்பர். அதில் இயற்பியல் உண்டு. முதிராக் காயின் சதை விறைப்பாக இருப்பதால் விரைந்து அதிர்ந்து, உலோகத்தைத் தட்டினாற்போல் கூர்மையான ஒலியை எழுப்பும். முதிர்ந்த சதையின் செல்சுவர்கள் இளகுவதால் அதிர்வு தணிந்து, ஆழ்ந்த ஒலி எழும். மிகவும் கனிந்து குழைந்த பழமோ அதிர்வின்றி மந்தமாக ஒலிக்கும். இவ்வதிர்வை அளந்து பழங்களைத் தரம்பிரிக்கும் கருவிகளும் உருவாக்கப்பட்டுள்ளன. கருவி செய்யும் அவ்வேலையைப் பயின்ற செவி முன்னரே செய்து வந்திருக்கிறது. ஒரே ஒரு பழத்தைத் தட்டி முடிவு செய்தல் கடினம். நாலைந்து பழங்களை ஒப்பிட்டுக் கேட்கும்போதுதான் வேறுபாடு புலப்படும்.

இவற்றுள் எந்த ஒன்றும் தனித்து உறுதி தருவதன்று. தடம், தோல், எடை, ஒலி ஆகிய பலவும் ஒத்துச் சொல்லும்போது தேர்வு பெரும்பாலும் பிழைக்காது. மருத்துவர் ஒரே குறியைக் கொண்டு நோயை முடிவுசெய்யாமல் பல குறிகளைச் சேர்த்து நோக்குவதைப் போன்றதே இம்முறையும்.

சந்தையில் வழங்கும் பிழையான நம்பிக்கை ஒன்றையும் இங்குக் களைதல் வேண்டும். நீளமான பழம் ஆண் என்றும், உருண்டையானது பெண் என்றும், பெண்பழமே இனிக்கும் என்றும் கூறுவர். ஆண்பூ காய்ப்பதில்லை. பழங்கள் யாவும் பெண்பூவிலிருந்து தோன்றியவையே. நீள்வடிவும் உருண்டை வடிவும் வகையால் அமைபவை.

வதந்தி விளைவித்த இழப்பு

புறக்குறிகளைப் படிக்கும் அறிவு குறைந்த இடத்தில் ஐயம் எளிதில் நுழைகிறது. 2025ஆம் ஆண்டுக் கோடையில் தமிழகம் இதனைக் கண்கூடாகக் கண்டது. தர்ப்பூசணிக்குள் ஊசிமூலம் செயற்கை நிறம் ஏற்றப்படுகிறது என்னும் செய்தி காணொலிகளின் வழியே விரைந்து பரவியது. மக்கள் வாங்க அஞ்சினர். விற்பனை சரிந்தது, விலை வீழ்ந்தது. பறிக்கும் கூலிகூடக் கிடைக்காது எனக் கருதிய உழவர் பலர் பழங்களை வயலிலேயே விட்டனர். தெருவோர வணிகரின் குவியல்கள் வெயிலில் கெட்டன. உழவர் அமைப்புகள் போராடின. ஊசிமூலம் நிறமேற்றுதல் நடைமுறைக்கு ஒவ்வாதது என வேளாண் அறிஞர்கள் விளக்கினர்.

அவ்விளக்கத்தின் அடிப்படையைப் பள்ளி மாணவரும் புரிந்துகொள்ளலாம். தர்ப்பூசணியின் உள்ளே இளநீரில் உள்ளதுபோல் வெற்றிடம் இல்லை. அது நெருங்கிய சதையால் ஆனது. ஊசிவழிச் செலுத்தும் நீர்மம் குத்திய இடத்திலேயே திட்டாகத் தேங்கும். பழம் முழுவதும் சீராகப் பரவாது. மேலும், கொடியிலிருந்து பிரிந்த பழத்தில் அதனை எடுத்துச் செல்லும் நீரோட்டமும் இல்லை. ஊசித் துளைவழியே நுண்ணுயிர்கள் புகுந்து, கோடை வெப்பத்தில் பழம் விரைவிலேயே புளித்து நுரைக்கும். விற்பதற்கு முன்னரே அழுகும் பழத்தால் எவருக்கும் ஊதியமில்லை.

இயற்கை நிறத்துக்கென அடையாளங்களும் உண்டு. சிவப்பு, நடுவில் அடர்ந்து தோலை நோக்கிச் செல்லச் செல்ல மெல்ல வெளிறி வெண்மையில் முடியும். விதையுள்ள வகையில், முதிர்ந்த பழத்தின் விதைகள் பெரும்பாலும் கறுப்பாகவோ பழுப்பாகவோ முற்றியிருக்கும். சதை மட்டும் கடுஞ்சிவப்பாய், விதைகள் வெண்பிஞ்சாய் இருப்பின் ஐயுறலாம். விதையில்லா வகைகளில் காணும் மென்மையான வெண்ணிற விதைக்கூடுகள் இயல்பானவை. அவற்றைக் கண்டு அஞ்சவேண்டா.

தர்ப்பூசணியின் செந்நிறத்துக்குக் காரணமானது லைகோபீன் என்னும் நிறமி. தக்காளிக்கு நிறம் தருவதும் இதுவே. லைகோபீன் நீரில் கரையாது. உணவில் சேர்க்கப்படும் எரித்ரோசின் போன்ற செயற்கைச் சாயங்களோ நீரில் எளிதில் கரைபவை. ஒரு துண்டுப் பழத்தைத் தெளிந்த நீரில் இட்டால், சாயம் இருப்பின் நிறம் உடனே நீரில் பரந்து கலக்கும். இயற்கைப் பழத்தில் சதைத்துகள் பிரிந்து நீர் சற்றே கலங்கக்கூடும். அத்துகள்கள் பின்னர் அடியில் படியும். பஞ்சாலோ தாளாலோ பழத்தைத் துடைத்துப் பார்க்கும்போதும் இவ்வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும். சாற்றோடு ஒட்டிவரும் சதைத்துகளால் பஞ்சு வெளிறிய இளஞ்சிவப்பாவது இயல்பே. அதனையே கலப்படத்தின் சான்றாகக் கொள்வது பிழை.

தர்ப்பூசணிப் பருவம் ஏறத்தாழ மூன்று மாதங்களே. நெல்லைப்போல் களஞ்சியத்தில் சேர்த்து வைத்து, நல்ல விலை வரும்போது விற்க இயலாத விளைபொருள் இது. இரு வாரம் நீடிக்கும் ஒரு வதந்தி, உழவரின் ஓராண்டு வருவாயை அழிக்கப் போதுமானது. ஆராயாது அனுப்பப்படும் ஒரு காணொலியின் விலையை அதனை அனுப்பியவர் செலுத்துவதில்லை. முகமறியாத உழவரும், வியாசர்பாடி போன்ற பகுதிகளில் கடன்பெற்றுச் சரக்கெடுத்த சிறு வணிகருமே செலுத்துகின்றனர். உணவில் கலப்படத்தை எதிர்த்து விழிப்போடு இருப்பது குடிமக்களின் கடமை. ஆராய்ந்து தெளிதலும் அவ்விழிப்பின் பகுதியே ஆகும்.

தெரிந்து தெளிவோம்
வெட்டியபின் பழத்தின் நடுவே மூன்றாகப் பிளந்த வெடிப்புக் காணப்படலாம். இதனை ‘உள்வெடிப்பு’ எனலாம். மகரந்தச் சேர்க்கை குறைவதாலும், வளர்ச்சிக் காலத்தில் நிகழும் தட்பவெப்ப மாற்றங்களாலும் இது தோன்றுகிறது. ஊசி குத்தியதால் தோன்றுவதன்று. அழுகலோ புளித்த மணமோ இல்லையெனில், இத்தகைய பழத்தைத் தயக்கமின்றி உண்ணலாம்.

காத்து வைத்தல்

நன்கு தேர்ந்த பழமும் காக்கும் முறை தவறினால் கெடும். முழுப் பழத்திற்கு உகந்த வெப்பநிலை 10 முதல் 15 பாகை செல்சியஸ். அந்நிலையில் அது இரண்டு மூன்று வாரம் தாங்கும். அதனினும் குறைந்த குளிரில் நெடுநாள் வைப்பின் தோலில் குழிகள் விழும். சதையின் நிறமும் சுவையும் மங்கும். வெப்பநிலத்தில் பிறந்த கனியாதலால் கடுங்குளிரை அது தாங்குவதில்லை.

இது குறித்து அமெரிக்க வேளாண் துறையின் அறிவியலாளர்கள் நடத்திய ஆய்வு 2006ஆம் ஆண்டு வெளியாயிற்று. முழுப் பழங்கள் 14 நாள்கள் வெவ்வேறு வெப்பநிலைகளில் வைக்கப்பட்டன. 21 பாகை செல்சியஸில் வைத்த பழங்களில் லைகோபீன், பறித்தபோது இருந்ததைவிட 11 முதல் 40 விழுக்காடு வரை கூடியிருந்தது. பறித்த பின்னரும் நிறமியாக்கம் தொடர்கிறது என்பதை இது காட்டுகிறது. எனவே, பழம் வைத்திருக்கையில் சிவப்புக் கூடலாம், இனிப்புக் கூடாது. நிறத்தையும் இனிப்பையும் ஒன்றெனக் கருதலாகாது என்பதும் இதனால் தெளிவாகிறது.

சென்னைக் கோடையில் அறை வெப்பம் இதனினும் மிகுதி. ஆகவே, முழுப் பழத்தைக் காற்றோட்டமுள்ள நிழலில் வைத்துச் சில நாள்களுக்குள் உண்பது நலம். மாம்பழம், வாழைப்பழம் ஆகியவற்றோடு அதனைச் சேர்த்து வைத்தல் கூடாது. அவை வெளியிடும் எத்திலீன் வளி தர்ப்பூசணியின் சதையைக் குழையச் செய்யும். ஒரே கூடையில் எல்லாப் பழங்களையும் அடுக்கும் பழக்கம் இவ்வகையில் தீங்கு தருவதாகும்.

வெட்டிய பழத்தின் நிலை வேறு. எலுமிச்சை போன்ற புளிப்புப் பழங்களில் அமிலம் மிகுதியாதலால் கிருமிகள் பெருகுவது அரிது. தர்ப்பூசணியில் அமிலம் மிகக் குறைவு; நீரும் சர்க்கரையும் நிறைவு. இவை நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு ஏற்ற சூழலாகும். மண்ணில் கிடந்த தோலில் படிந்த கிருமிகள், கழுவாமல் வெட்டும்போது கத்தியின் வழியே சதையைச் சேர்கின்றன. ஆதலால், தோலை உரித்து எறியத்தானே போகிறோம் என எண்ணாமல், முழுப் பழத்தை ஓடும் நீரில் தேய்த்துக் கழுவிய பின்னரே வெட்டவேண்டும். வெட்டிய துண்டுகளை மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மூன்று நாள்களுக்குள் உண்ணவேண்டும். கடும் வெப்பத்தில் ஒரு மணி நேரத்திற்குமேல் திறந்துகிடந்த துண்டுகளைத் தவிர்த்தல் நலம். சாலையோரக் கடைகளில், முன்னரே வெட்டி அடுக்கியதை வாங்குவதைவிடக் கண்முன்னே வெட்டித் தரச் செய்து வாங்குவதே நன்று.

குளிர்பதனப் பெட்டி இல்லாத இல்லங்கள் வடசென்னையில் இன்றும் உண்டு. அங்குச் சிறிய பழத்தை வாங்கி ஒரே வேளையில் உண்பதும், பெரிய பழத்தை அண்டை வீட்டாரோடு பகிர்ந்துகொள்வதும் பொருத்தமான வழிகள். உண்பதற்குச் சில மணி நேரத்திற்கு முன்னர் முழுப் பழத்தை ஈரச் சாக்கால் சுற்றி நிழலில் வைத்தால், நீர் ஆவியாகும்போது வெப்பத்தை ஈர்த்துக்கொள்வதால் பழம் குளிரும். மண்பானை நீரைக் குளிர்விக்கும் அதே நெறி இங்கும் செயற்படுகிறது.

உண்ணும் முறையும் பயனும்

நூறு கிராம் தர்ப்பூசணியில் ஏறத்தாழ 30 கிலோகலோரி ஆற்றலும் 6 கிராம் சர்க்கரையும் 8 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் உள்ளன. அதே அளவு பச்சைத் தக்காளியில் இருப்பதைவிட லைகோபீன் இதில் மிகுதி. 1914ஆம் ஆண்டு ஜப்பானிய அறிஞர் இக்கனியின் சாற்றிலிருந்து அமினோ அமிலம் ஒன்றைப் பிரித்தெடுத்தனர். கனியின் தாவரவியல் பெயரையொட்டிப் பின்னர் அது சிட்ருலின் எனப் பெயர்பெற்றது.

வெயிலில் உழைப்போர்க்கு இப்பழம் நீரைத் தருகிறது. எனினும், வியர்வையோடு வெளியேறும் உப்பை அது ஈடுசெய்வதில்லை. இதில் சோடியம் மிகக் குறைவு. எனவே, மூட்டை சுமப்போரும் பந்தாடுவோரும் பழத்தோடு உப்பிட்ட மோரோ கஞ்சியோ அருந்துதல் வேண்டும். துண்டுகளின்மேல் சிறிது உப்பும் மிளகாய்த்தூளும் தூவி உண்ணும் சென்னை வழக்கம் இவ்வகையில் பொருளுடையது. உப்பு ஒரு சிட்டிகை சேரும்போது இனிப்பு மிகுந்து தோன்றும் என்பதும் உண்மை. நீரிழிவு உடையோர் அளவோடும், சிறுநீரக நோயுடையோர் மருத்துவரின் அறிவுரையோடும் உண்ணவேண்டும்.

சாறாகப் பிழிந்து வடிகட்டிச் சர்க்கரை சேர்ப்பதைவிடத் துண்டாகவே உண்பது நலம். கடையில் சாறு வாங்குவோர், அதில் நிறமோ சர்க்கரைப்பாகோ சேர்க்கப்படுகிறதா என நோக்கவேண்டும். நன்கு முதிர்ந்த பழத்திற்கு அவ்விரண்டும் தேவையில்லை.

பழத்தில் எறியத்தக்க பகுதி மிகக் குறைவு. செந்நிறச் சதைக்கும் பச்சைத் தோலுக்கும் இடைப்பட்ட வெண்பகுதி, சுரைக்காயையும் வெள்ளரியையும் ஒத்தது. அதனை நறுக்கிப் பாசிப்பருப்போடு கூட்டாகவோ, மோர்க்குழம்பில் இட்டோ சமைக்கலாம். விதைகளைக் கழுவி உலர்த்தி வறுத்தால் புரதமும் கொழுப்பும் செறிந்த தின்பண்டமாகும். எஞ்சிய தோல் கால்நடைக்கு உணவாகும்; மண்ணில் மக்கி உரமுமாகும். சாலையோரத்தில் குவிந்து நாற்றமெடுக்கும் தோல்களைத் தனியே சேர்த்து எருவாக்கினால் தெருவும் தூய்மையுறும்.

அறிவும் நம்பிக்கையும்

பூவில் மகரந்தத்தைச் சேர்த்த தேனீ, முதிரும்வரை காத்திருந்த உழவர், இரவெல்லாம் சரக்குந்தை ஓட்டி வந்தவர், தட்டிப் பார்த்துத் தேர்ந்து தந்த வணிகர் எனப் பலரின் உழைப்பு ஒரு துண்டுப் பழத்தில் அடங்கியுள்ளது. வாங்குவோர் தரம் அறிந்து கேட்டால், முந்திப் பறித்த காய்க்குச் சந்தையில் இடமிராது. முதிரும்வரை காத்த உழவருக்கு உரிய விலை கிடைக்கும். வாங்குவோர் அறியாதிருந்தால் காயும் பழமும் ஒரே விலைக்குப் போகும். வதந்தி வந்தால் இரண்டுமே குப்பைக்குப் போகும்.

மஞ்சள் தடத்தையும் மங்கிய தோலையும் ஆழ்ந்த ஒலியையும் அறிந்துகொள்ளப் பெருஞ்செலவு ஏதுமில்லை. காரணம் கேட்கும் மனமும் ஒப்பிட்டு நோக்கும் பொறுமையும் போதும். அவ்வறிவு பழக்கடையில் மட்டும் பயன்படுவதன்று; கேட்ட செய்தி எதனையும் நம்புமுன் ஆராயும் பழக்கத்திற்கு அதுவே பயிற்சியாகவும் அமையும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியிலுள்ள பழ வணிகர் ஒருவரிடம் தர்ப்பூசணியைத் தேர்ந்தெடுக்கும் முறைகளைக் கேட்டறிந்து, அவற்றைப் பாடத்தில் கூறப்பட்ட காரணங்களோடு ஒப்பிட்டு எழுதுக.

2. ஒரே அளவுள்ள மூன்று பழங்களின் எடை, தரைத்தடத்தின் நிறம், தட்டொலி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, வெட்டிய பின்னர்ச் சுவையோடு பொருத்திப் பார்த்து அட்டவணைப்படுத்துக.

3. உணவுப்பொருள் பற்றிய செய்தி ஒன்று சமூக ஊடகத்தில் வந்தால், அதனைப் பிறருக்கு அனுப்புமுன் எவ்வெவ் வினாக்களை எழுப்பவேண்டும் என்பதை வகுப்பில் கலந்துரையாடுக.

4. ‘பறித்தபின் இனிக்கும் கனிகள், பறித்தபின் இனிக்காத கனிகள்’ என இரு பட்டியல் உருவாக்கி, வேறுபாட்டுக்கான காரணத்தை விளக்குக.